கரண்ட் போய் வந்தால் மட்டும் ‘நாட்ரெடி’: நோடின் கடிகாரத்தைப் பாருங்கள்

குபர்னெட்டிஸ் கிளஸ்டரில் (பல கணினிகள் ஒன்றாகச் சேர்ந்து செயலிகளை ஓட்டும் அமைப்பு) கரண்ட் போய் வந்தால் மூன்றாவது நோட், அதாவது மூன்றாவது கணினி, ‘நாட்ரெடி’ (தயாராக இல்லை) என்று நிற்கிறது, அதை டிலீட் செய்து மறுபடி ஜாயின் பண்ணலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதன் கடிகாரம் பின்னால் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

சாதாரண ரீபூட்டில் அந்த நோட் கிளஸ்டருக்குள் வந்துவிடுகிறது, மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க கரண்ட் நிறுத்திய பிறகுதான் வருவதில்லை என்கிறீர்களே, அதுதான் துப்பு. ரீபூட்டில் மதர்போர்டுக்கு மின்சாரம் நிற்பதில்லை. யூபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டால் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி ஒன்றுதான். அது செத்திருந்தால் தேதி பல வருடம் பின்னுக்குப் போகும். கிளஸ்டரின் கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று, நோடைக் கிளஸ்டரோடு இணைக்கும் குபெலெட் என்ற நிரல் இணைப்பை மறுத்துவிடும்.

1. அந்த நோடின் குபெலெட் லாக்கில் ‘எக்ஸ்509’ (சான்றிதழ் பிழை) வரியைத் தேடுங்கள். நோட் நம்பிக்கொண்டிருக்கும் நேரம் அதிலேயே இருக்கும்.

2. நேரம் தப்பாக இருந்தால் சரிசெய்து, ஹார்ட்வேர் கடிகாரத்திலும் எழுதிவிட்டு, குபெலெட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நேரத்தை இணையம் வழியாகச் சரிசெய்யும் க்ரோனி நிரல் ஓடுகிறதா, வெளி நேர சர்வரை எட்டுகிறதா என்றும் பாருங்கள். மோடம் யூபிஎஸ்ஸில் இல்லையென்றால் முதலில் அதை மாட்டுங்கள்.

3. பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். நாகப்பட்டினம் உப்புக்காற்றில் பேட்டரி மாட்டும் இடத்துத் தகடும் பச்சை பூத்திருக்கலாம், துடைத்துவிட்டுப் போடுங்கள்.

நேரம் சரியாக இருந்தும் சான்றிதழ் காலாவதி என்றே லாக் சொன்னால் கதை வேறு. குபிஅட்மின் (கிளஸ்டரை அமைக்கும் கருவி) தரும் சான்றிதழ்களுக்கு ஆயுள் வழக்கமாக 1 வருடம். அப்போது புதுப்பிக்கத்தான் வேண்டும்.