பத்துப் பேராக மலைக்காட்டில் நடக்கப் போகிறோம். இரவில் எல்லோரும் ஒன்றாகக் கூடாரம் போடும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாதையை முடிவு செய்துவிட்டுத் தங்கும் இடம் தேடுகிறீர்கள் என்றால், அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். இரண்டு பேர் போனால் பாதைதான் முதலில். பத்துப் பேர் என்றால் இடம்தான் முதலில், பாதை அதன் பின்னால் வரட்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைக்கு நாங்கள் ஒன்பது பேர் போகத் திட்டமிட்டபோதுதான் இது எனக்குப் புரிந்தது. மலையைச் சுற்றி வரும் வொண்டர்லேண்ட் பாதை 93 மைல், அதாவது கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். வழிநெடுக முகாம்கள் இருக்கின்றன. அதில் ஒரு பகுதியை மட்டும் நடப்பதாக முடிவு செய்து, ஒரு நாளைக்கு இவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு அழகாக ஒரு திட்டம் வரைந்து வைத்திருந்தோம். அப்புறம் விதிகளைப் படித்தால், அங்கே சாதாரண இடம் ஒன்றில் ஐந்து பேர்தான் தங்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு பேர் வரை இருந்தால் குழுக்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் தங்க வேண்டும். அந்தக் குழு இடம் எல்லா முகாமிலும் கிடையாது. நாங்கள் இரண்டாம் இரவுக்குக் குறித்திருந்த முகாமில் இல்லவே இல்லை. திட்டம் முழுவதையும் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

மறுபடி உட்கார்ந்து, வரைபடத்தை விரித்து, குழு இடம் உள்ள முகாம்களை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டோம். வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் எத்தனை மைல், எவ்வளவு ஏற்றம் என்று பார்த்தோம். எங்களில் மெதுவாக நடப்பவரால் ஒரு பகலில் தாண்ட முடிகிற இடைவெளிகள் மட்டும் மிஞ்சின. அதுவே எங்கள் பாதை. நீங்களும் இப்படியே செய்யுங்கள். பெரும்பாலான பூங்காக்கள் எந்த முகாமில் எத்தனை தனி இடம் (அதாவது சாதாரண இடம்), எத்தனை குழு இடம் என்று பட்டியல் போட்டே வைத்திருக்கும்.

எத்தனை பேர் சேர்ந்தால் 'குழு' என்பது பூங்காவுக்குப் பூங்கா மாறும். கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் ஏழு பேர் வரை சாதாரண இடமே போதும், எட்டு முதல் பன்னிரண்டு வரைதான் குழு. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் காட்டுப் பகுதியில் பெரும்பாலும் எண் போட்ட இடங்களே கிடையாது. பாதை வழியாகப் போனால் ஒரு குழுவில் 15 பேர் வரை, பாதையை விட்டு விலகிப் போனால் 8 பேர்தான். தண்ணீரிலிருந்து 100 அடியாவது தள்ளி, ஏற்கெனவே ஆட்கள் தங்கித் தேய்ந்த தரையாகப் பார்த்து நீங்களே தேட வேண்டும். பத்துப் பேருக்கு அப்படி ஓர் இடம் இருட்டிய பிறகு கிடைக்காது. மதியத்துக்கு மேல் தேட ஆரம்பித்துவிடுங்கள்.

"ஐந்து ஐந்து பேராக இரண்டு பெர்மிட் வாங்கிவிட்டு, அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாமே" என்று உங்களில் ஒருவராவது சொல்வார். தயவுசெய்து வேண்டாம். பல பூங்காக்களில் அது விதிமீறல். விதியை விடுங்கள், உயரத்தில் இருக்கும் புல்வெளிக்குப் பனி உருகி மறுபடி விழுவதற்குள் சில வாரங்கள்தான் வளர நேரம். சின்ன இடத்தில் பத்துப் பேர் புழங்கினால் ஓரத்துச் செடிகள் ஒரே மாலையில் மிதிபட்டுப் போகும். அது மீண்டு வரப் பல வருடம் ஆகும்.

முன்பதிவு இந்த அமெரிக்கப் பூங்காக்களிலெல்லாம் பெரும்பாலும் ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) என்ற அரசு இணையதளத்தில். ஆட்களின் எண்ணிக்கையைச் சரியாகப் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு உதவாத தனி இடங்களெல்லாம் காலியாகத் தெரிந்து ஏமாற்றும். வார நாட்களில் கிடைப்பது எளிது. ஒரு பங்கு பெர்மிட்டை நேரில் வருபவர்களுக்கென்று வைத்திருக்கும் பூங்காக்கள் உண்டு, ஆனால் பத்துப் பேர் விடுப்பெடுத்துக்கொண்டு அதை நம்பிப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

பதிவு செய்யும் முன் பூங்கா அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்து ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: அந்த இடத்தில் எத்தனை கூடாரம் போடலாம்? நாங்கள் கேட்கவில்லை. ஒன்பது பேருக்கு ஏழு சின்னக் கூடாரங்கள் தூக்கிப் போனோம். முதல் நாள் முகாமில் சமதரை நான்கு கூடாரத்துக்குத்தான் இருந்தது. ஐந்தாவதை ஒரு வேரின் மேல் போட்டோம். அதில் படுத்த தோழி இரவு முழுக்கச் சரிந்து சரிந்து கூடாரத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டாள், காலையில் அவளுடைய உறக்கப்பையின் கால் பக்கம் நனைந்திருந்தது. மீதி இரண்டு கூடாரங்களைப் பிரிக்கவே இல்லை, அதற்குரியவர்கள் மற்றவர்களின் கூடாரங்களில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். இரண்டு, மூன்று பேர் படுக்கும் கூடாரங்களாக நான்கு எடுத்துப் போயிருந்தால் சுமையும் குறைந்திருக்கும்.

கூடவே தண்ணீர் எவ்வளவு தூரம், உணவைக் கரடியிடமிருந்து காக்க அங்கே தொங்கவிடும் கம்பமோ பெட்டியோ இருக்கிறதா, நாமே கரடி டப்பா (கரடியால் திறக்க முடியாத டப்பா) கொண்டுபோக வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். வாசனை வரும் பற்பசையும் சோப்பும்கூட அந்த டப்பாவுக்குள்தான் போக வேண்டும், பத்துப் பேருடையது நிறைய இடம் பிடிக்கும். ஜூலையில் போவதானால் பனி உருகிவிட்டதா என்பதையும் விசாரியுங்கள்.

எதுவுமே அமையாவிட்டால், கார் போகும் முகாம்களில் உள்ள குழு இடத்தைப் பாருங்கள். ரெய்னியரில் கூகர் ராக் முகாமில் அப்படி உண்டு. அங்கே தங்கிக்கொண்டு தினமும் ஒரு பக்கம் நடந்துவிட்டுத் திரும்பலாம். குழந்தைகளோ வயதானவர்களோ உடன் வந்தால் நான் இதையே முதலில் சொல்லியிருப்பேன்.

ஆனால் முடிந்தால் உள்ளே போய்த் தங்குங்கள். வொண்டர்லேண்ட் பாதையில் உள்ள இண்டியன் பார் முகாமில் குழு இடம் என்பது ஒரு பழைய கல் குடில். நாங்கள் அங்கே தங்கிய அன்று மாலை மழை. ஒன்பது பேரும் அதற்குள் வரிசையாக உட்கார்ந்து, இரண்டு ஸ்டவ்வில் தண்ணீர் கொதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து தங்கியிருந்தால் அந்த மாலை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்று. வருகிறவர்கள் யார் யார் என்பதை உறுதி செய்துகொண்டு பதிவு செய்யுங்கள். கடைசியில் நாலைந்து பேர்தான் வருகிறீர்கள் என்று ஆனால் உடனே அலுவலகத்தில் சொல்லி, தனி இடத்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். உங்களைப் போலவே பத்துப் பேர் வேறெங்கோ அந்த ஒரே குழு இடம் காலியாகுமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.