அம்மாவுக்கு ஊசி போடும் நேரம்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): நான் பரந்தன் பக்கத்து நாதஸ்வரக் கலைஞன். தம்பி மின்சார ஓர்கன் (கீபோர்ட்) வாசிப்பவன். இருவரும் சோடியாகக் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் கச்சேரி செய்து வருகிறோம். போன மாதம் ஒரு பூங்காவனத் திருவிழாவில் நான் தோடி ஆலாபனை செய்துகொண்டிருக்கையில், அம்மாவுக்கு ஊசி போடும் நேரம் என்று சொல்லி, எட்டரை மணிக்கு ஓர்கனை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான். கோபத்தில் நானும் வாசிப்பை நிறுத்திவிட்டேன். சுவிஸில் இருக்கும் மைத்துனர் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். தேவாலயம் ஒன்றில் ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியமும் ஓர்கனுமாக இரண்டே பேர் வாசிக்கிறார்கள். முடியும்வரை ஒருவரும் அசையவில்லை. அந்த அர்ப்பணிப்பு இவனிடம் இல்லை. வவுனியாவில் ஓர்கன் வாசிக்கும் பையன் ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறேன். தம்பியை விலக்கிவிடலாமா?

பதில்: அண்ணன் தம்பி சோடி பிரிவதைப் பற்றி எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. காசு, மேடை, பெயர் என்று ஏதோ ஒன்றில் தொடங்கும். கிண்டிப் பார்த்தால் அடியில் வயதான தாயோ தகப்பனோ இருப்பார். உங்கள் கடிதமும் அப்படித்தான். நாதஸ்வரத்தில் வைத்து ஊதும் சீவாளிக்கு ஒரு பத்தி, காணொளிக்கு ஒரு பத்தி, அன்று போர்த்திய பொன்னாடைக்கு ஒரு பத்தி. அன்றைய கதையில் அம்மா வருவது ஒரே ஓர் இடத்தில், அதுவும் தம்பி சொன்ன சாட்டாக.

அது என்ன ஊசி? எத்தனை அலகு? வயிற்றிலா, தொடையிலா? நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். சீனி வருத்தக்காரர் என்று ஓரிடத்தில் சொல்லியிருப்பதால் இன்சுலின் என்று எடுத்துக்கொள்கிறேன். காலையும் இரவும் போடும் கலப்பு இன்சுலின் என்றால், போட்டு அரை மணி நேரத்துக்குள் சாப்பாடு கொடுக்க வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்தினால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், ஆள் மயங்கி விழுவார். போடாமல் விட்டால் சீனி ஏறும். தம்பியின் மனைவிக்கு ஆடைத் தொழிற்சாலையில் இரவு வேலைமுறை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த வீட்டில் ஊசியை எடுக்கவும் சோற்றைப் போடவும் அன்று யார் இருந்தார்கள்? உங்கள் வீட்டிலிருந்து அங்கே மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். அன்று பகல் முழுவதும் உங்களுக்கு அம்மாவின் நினைவு வந்ததா?

ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி ஏழே முக்காலுக்குத்தான் தொடங்கியது. உபயகாரர் பேசினார், சபைத் தலைவர் பேசினார், உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆறு மணி என்ற கணக்கை நம்பித்தான் தம்பி வந்திருப்பார். அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஓர்கனுக்கு முன்னால் இருந்திருப்பார். நீங்கள் ஒரு தடவையாவது திரும்பி, 'அம்மாவுக்கு நேரமாகிறதா?' என்று கேட்டீர்களா?

தோடியை விட்டுவிட்டுப் போனார் என்பது உங்கள் பெரிய மனக்குறை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் அசையும் சுரம். உங்கள் மூச்சிலும் விரலிலும் அது வரும். ஓர்கன் கட்டையை அழுத்தினால் வராது. ஆகவே அந்த ஆலாபனையில் ஓர்கன்காரருக்கு இருக்கும் வேலை, பின்னால் ஆதார சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டிருப்பதுதான். சுருதிப்பெட்டியை முடுக்கியிருந்தால் நீங்கள் தொடர்ந்து வாசித்திருக்கலாம். கீர்த்தனையின் நடுவிலோ, சபை கேட்கும் சினிமாப் பாட்டின் நடுவிலோ அவர் எழும்பவில்லை. தான் இல்லாவிட்டாலும் கச்சேரி கெடாத இடம் பார்த்து எழும்பியிருக்கிறார். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து வாசித்தும் அது உங்களுக்குப் புரியவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

அந்தக் காணொளிக்கு வருகிறேன். தேவாலயத்துக் குழாய் ஓர்கன் கட்டடத்தோடு கட்டடமாக நிற்பது. காற்றுச் சூடேறினால் அதன் சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். கச்சேரி நாளில் அத்தனை குழாய்களையும் திருப்பிச் சுருதி சேர்க்க முடியாது. ஆகவே ஹார்ன்காரர்தான் இறங்கிப் போவார். தன் வாத்தியத்தின் சுருதிக் குழாயை வெளியே இழுப்பார், உள்ளே தள்ளுவார். வலக்கையை ஹார்னின் அகன்ற வாய்க்குள் வைத்தபடி உதட்டாலும் கையாலும் சுரத்தைச் சரிசெய்துகொண்டே வாசிப்பார். ஊதுகிறவர் மற்றவருக்காக வளைந்து கொடுக்கும் சோடி அது. உங்கள் சோடியில் நடப்பது என்ன? சீவாளி ஈரத்தில் ஒரு மாதிரி, காய்ந்தால் வேறு மாதிரி. நீங்கள் இரண்டு கட்டைச் சுருதியோ இரண்டரைக் கட்டைச் சுருதியோ எடுத்து ஊதுவீர்கள். தம்பி பொத்தானை அழுத்தி உங்கள் சுருதிக்கு வந்துவிடுவார். நீங்கள் விரலைக் காட்டுமுன்பே வந்துவிடுவார் என்று பெருமையாகவும் எழுதியிருக்கிறீர்கள். மேடையிலும் அவர்தான் உங்களிடம் வர வேண்டும், வீட்டில் அம்மாவின் பொறுப்பிலும் அவர்தான் நிற்க வேண்டும். ஒரு நாள் எழும்பிப் போனதும் அர்ப்பணிப்பு இல்லை என்கிறீர்கள்.

எனக்கு இதில் இரண்டு மனம் இல்லை. தாயைப் பார்ப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய கடமை. யார் வீட்டில் அவர் படுத்திருக்கிறாரோ அவருக்கு மட்டும் உரியது என்று எந்தக் குடும்பத்திலும் சொல்லக்கூடாது. 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடி, மெனிக் பாம் முகாமில் கிடந்து, திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தபடி, தாலிக்கொடியை அடகு வைத்து உங்களுக்கு இந்த நாதஸ்வரத்தை வாங்கித் தந்தவர் உங்கள் அம்மா. இதையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கலைப் பயணத்தின் ஆரம்பம் என்று.

வவுனியாப் பையனுக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். தம்பி வீட்டுக்குப் போங்கள். கச்சேரிப் பேச்சை எடுக்க வேண்டாம். ஊசி போடுவதைக் காட்டித் தரச் சொல்லுங்கள். போடும் இடத்தை ஒவ்வொரு நாளும் மாற்றிப் போட வேண்டும், அவர் காட்டுவார். அளவை உங்கள் எண்ணத்துக்குக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இந்த வேலையை உங்கள் மனைவியின் தலையில் கட்டாதீர்கள், அம்மா உங்களுக்குத்தான் தாய். கிழமையில் மூன்று இரவு உங்களுடையது என்று தம்பியிடம் சொல்லுங்கள். கச்சேரி உள்ள இரவுகளுக்கு யார் நிற்பது என்று முற்பணம் வாங்கும் முன்பே இருவரும் பேசி முடிவெடுங்கள். சபைக்காரரிடமும், சொன்ன நேரத்துக்குத் தொடங்காவிட்டால் எட்டு மணிக்கு எழும்புவோம் என்று நீங்களே சொல்லுங்கள். மூத்தவர் நீங்கள், உங்கள் வாயிலிருந்து வந்தால் கேட்பார்கள்.

அம்மாவின் கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். அடுத்த திகதி அதில் எழுதியிருக்கும். அன்று விடிய ஆஸ்பத்திரி வரிசையில் அவரோடு நீங்கள் இருக்க வேண்டும். ஆகவே முதல் நாள் இரவுக்குக் கச்சேரி எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.