பினாங்கில் வேலை தேடும் சகோதரிக்கு

பெங்களூரில் ஐந்து ஆண்டுகள் சிப் டெஸ்டிங் செய்துவிட்டுக் கணவரோடு பினாங்கு வந்ததாகவும், எத்தனை ரெஸ்யூமே அனுப்பியும் ஒரு பதிலும் வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். மனம் தளராதீர்கள். 1972இல் சிப் நிறுவனமான இன்டெல், இங்குள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வந்த காலம் தொட்டு இந்தத் தீவு உங்கள் துறையில்தான் பிழைக்கிறது.

ரெஸ்யூமேயைக் கையில் எடுக்கும் மனிதவள அதிகாரி முதலில் தேடுவது உங்கள் பாஸ் விவரத்தை, அதாவது மலேசியாவில் தங்க உங்களுக்கு எந்த அனுமதி இருக்கிறது என்பதை. கணவரைச் சார்ந்து தங்குவதற்கான டிபென்டன்ட் பாஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வேலை செய்ய முடியாது. வேலைக்கான அனுமதிக்கு, வேலை தரும் நிறுவனம்தான் குடிநுழைவுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். இதை மறைக்காமல் பெயருக்குக் கீழேயே எழுதுங்கள். பினாங்கிலேயே குடும்பத்தோடு வசிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள், அது உங்களுக்குப் பெரிய பலம். பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள்.

தந்தை பெயர், மதம், கடைசியில் வரும் உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் கருவியின் பெயர் வரட்டும். 'டெஸ்டிங் கருவிகளில் நல்ல தேர்ச்சி' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'அட்வான்டெஸ்ட் 93000' என்றோ 'டெராடைன் அல்ட்ராஃபிளெக்ஸ்' என்றோ எழுதினால், அதே கருவியோடு மல்லுக்கட்டும் மேலாளர் உடனே நிமிர்ந்து உட்காருவார்.

நேர்காணலிலும் அப்படித்தான். ஒரு லாட்டில், அதாவது ஒன்றாக வரும் சிப் தொகுதியில், யீல்டு (தேறும் சிப்களின் விகிதம்) திடீரென்று விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். எந்த பின்னில் (bin, முடிவுவாரியாகச் சிப்களைப் பிரிக்கும் வகை) தோல்வி குவிகிறது, ஒரே சைட்டில் (ஒரே நேரத்தில் சோதிக்கும் பல இடங்களில் ஒன்றில்) மட்டும் வருகிறதா, சிப்பைப் பொருத்தும் சாக்கெட் தேய்ந்திருக்கிறதா, சிப்பைக் கருவியோடு இணைக்கும் லோடு போர்டை மாற்றினால் சரியாகிறதா என்று நீங்கள் பார்க்கும் வரிசையிலேயே சொல்லுங்கள். ஐந்து ஆண்டு அனுபவம் அங்கேதான் வெளிப்படும்.

ஆட்களைப் பழகிக்கொள்வதில் தயங்காதீர்கள். இங்குள்ள தொழிற்சாலைகளில் மலேசியத் தமிழர்கள் நிறையப் பேர் பொறியாளர்களாக இருக்கிறார்கள். லிங்க்ட்இன்னில் அவர்களைத் தேடி, எடுத்த எடுப்பில் வேலை கேட்காமல், அவர்கள் பிரிவில் எந்த டெஸ்டர் (சோதனைக் கருவி) ஓடுகிறது என்று கேளுங்கள். தொழில் பேச்சுக்குப் பெரும்பாலோர் பதில் எழுதுவார்கள். ஆள் எடுக்கும்போது உள்ளிருந்து உங்கள் ரெஸ்யூமேயைக் கொடுக்கப்போவதும் அவர்கள்தான்.

சம்பளம் கேட்டால், லட்சக்கணக்கில் ஆண்டுக் கணக்குச் சொல்லாதீர்கள். பழைய ரூபாய்ச் சம்பளத்தை ரிங்கிட்டாக மாற்றியும் சொல்லாதீர்கள், குறைத்துக் கேட்டுவிடுவீர்கள். இங்கே பேச்சு மாதச் சம்பளத்தில்தான். அதே வேலையில் இருப்பவர்களிடம் விசாரித்து, மாதம் இத்தனை ரிங்கிட் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.