பெட்டியில் 5ஜி, லயத்தில் ‘ஈ’: எதைப் பார்த்து போன் வாங்குவது?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மேல்கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்) இருக்கிறோம். மகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். இரவில் சூம் வகுப்பு. எங்கள் போன் டவுனில் 4ஜி காட்டுகிறது, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்தால் ‘ஈ’ (E) என்று மாறிவிடுகிறது. கோடு நாலும் நிரம்பியிருந்தாலும் வகுப்பு ஓடவில்லை. ஹட்டனில் கடைக்காரர், “5ஜி போன் எடுங்கம்மா, எங்கேயும் பிடிக்கும்” என்கிறார். சீட்டுக் காசை எடுத்து வாங்கலாமா?

பதில்: சீட்டுக் காசில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள் அம்மா. கடைக்காரர் சொன்னதில் “எங்கேயும் பிடிக்கும்” என்ற பகுதி தவறு. 5ஜி போன் என்றால் 5ஜி டவர் இருக்கும் இடத்தில் அதோடு பேசத் தெரிந்த போன், அவ்வளவுதான். டவர் இல்லாத இடத்தில் அதுவும் 4ஜிக்கு இறங்கும். 4ஜியும் இல்லையென்றால், இப்போது உங்கள் கையில் இருக்கும் போன் காட்டுகிற அதே ‘ஈ’யைத்தான் காட்டும்.

‘ஜி’ என்பது தலைமுறை. பெட்டியில் அச்சடித்த எண், அந்த போன் அதிகபட்சம் எந்தத் தலைமுறை வரை போகும் என்பதைச் சொல்கிறது. திரையின் மேல் மூலையில் வரும் எழுத்து, இந்த நிமிடம் எதில் நிற்கிறது என்பதைச் சொல்கிறது. நீங்கள் நம்ப வேண்டியது இரண்டாவதை.

அந்த மூலையில் ‘ஜி’ அல்லது ‘ஈ’ வந்தால் இரண்டாம் தலைமுறை. ‘ஈ’ என்பது எட்ஜ், பழைய 2ஜியைக் கொஞ்சம் தட்டிக்கொட்டி வேகப்படுத்தியது. 3ஜி, எச், எச்+ மூன்றும் மூன்றாம் தலைமுறை. 4ஜி என்று வந்தாலும் எல்டிஈ என்று வந்தாலும் ஒன்றுதான். கோடுகள் வேறு விஷயம், அவை சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டும் காட்டும். உங்கள் லயத்தில் 2ஜி பலமாக வருகிறது, அதனால்தான் நாலு கோடும் நிரம்புகிறது. எட்ஜ் நன்றாக ஓடினாலும் நொடிக்கு அரை மெகாபிட்டைக்கூட (டேட்டா வேகத்தின் அளவு) தொடாது. சூம் வகுப்பு முகம் உறையாமல் ஓட ஏறத்தாழ 1 மெகாபிட்டாவது சீராக வர வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதியது போய்ச் சேரும், டீச்சரின் குரல் அறுந்து அறுந்து வரும்.

டவுனில் வரும் 4ஜி மேல்கணக்குக்கு ஏன் வருவதில்லை? இரண்டும் ஒரே டவரில் இருந்து வந்தாலும் அலை வேறு. 2ஜிக்கு 900 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் பரவலாகப் பயன்படுகிறது. 4ஜியில் பெரும்பங்கு 1800இல் ஓடுகிறது. அதிர்வெண் குறையக் குறைய அலை தூரம் போகும், மலை விளிம்பைச் சுற்றி ஓரளவு வளையவும் செய்யும். கூடினால் மலை மறைத்ததும் நின்றுவிடும். 5ஜிக்கு உலகமெங்கும் அதிகம் எடுத்திருப்பது 3500க்கு அக்கம்பக்கம், அதனால் அது இன்னும் கிட்டத்திலேயே நின்றுவிடும். இதற்கு மேல் நம் தகரக் கூரை. அது அலையைத் திருப்பி அடிக்கும். காம்பராவுக்குள் (அறைக்குள்) ‘ஈ’, இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) வந்தால் 4ஜி என்று மாறுவதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள்.

காசு செலவழிக்காமல் செய்யக்கூடியதை முதலில் செய்து பாருங்கள். போன் அமைப்பில் ‘நெட்வொர்க் வகை’ 4ஜி வரை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரவு வகுப்பு நேரத்தில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். இஸ்தோப்பு, பின்வாசல், பீலிக்கரை (தண்ணீர் பிடிக்கும் இடம்) என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நில்லுங்கள், எழுத்து மாற அவ்வளவு நேரம் எடுக்கும். அப்புறம் பக்கத்து லயத்தில் வேறு கம்பனி சிம் வைத்திருப்பவரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி உங்கள் போனிலேயே போட்டு, அதே இடங்களில் நின்று பாருங்கள். ஒரு கம்பனியின் டவர் மலைக்கு அந்தப் பக்கமும் இன்னொன்றின் டவர் இந்தப் பக்கமும் இருக்கலாம். என் அனுபவத்தில் மலையகத்தில் சிக்னல் பிரச்சினையைப் புதுப் போனைவிடப் புதுச் சிம்தான் அதிகம் தீர்த்திருக்கிறது.

வீட்டுக்கு வெளியே ஓர் இடத்திலாவது 4ஜி வந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த போனை அந்த ஜன்னலிலோ இஸ்தோப்பிலோ வைத்து ஹாட்ஸ்பாட் போடுங்கள். மகள் உள்ளே வேறொரு போனில் வைஃபை வழியாக வகுப்பைப் பார்க்கலாம். நிரந்தரமாக வேண்டுமானால், வெளி அன்டனா பூட்டும் துளை உள்ள 4ஜி ரவுட்டர் வாங்கி அன்டனாவைக் கூரைக்கு மேல் ஏற்றுங்கள். சீட்டுக் காசு அதற்குப் போனால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எங்கு நின்றாலும், எந்தச் சிம்முக்கும் ‘ஈ’தான் என்றால் எந்தப் போனும் அதை மாற்றாது. அப்போது கேட்க வேண்டியது டவர். தோட்டத்தார் பலர் சேர்ந்து கம்பனிக்கும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் கொடுங்கள். கொரோனா காலத்தில் பாறையில் ஏறி உட்கார்ந்து படித்த பிள்ளைகளை இந்த மலைகள் பார்த்திருக்கின்றன. ஒரு பிள்ளையின் படிப்புக்கு நெட்வொர்க் கேட்பது சலுகை கேட்பதாகாது.

இந்த எண்களைக் கம்பனிகள் இழுத்து நீட்டுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் முதலில் 4ஜிக்கு வைத்த அளவுகோலை அன்றைய எல்டிஈ எட்டவில்லை. ஆனாலும் 2010 டிசம்பரில் எல்டிஈயையும், மேம்பட்ட 3ஜியையும்கூட அந்தப் பெயரில் அழைக்கலாம் என்று அதே ஒன்றியம் விட்டுக்கொடுத்தது. 2019இல் அமெரிக்காவின் ஏடி அன்ட் டி கம்பனி, தன் 4ஜி போன்களின் திரையிலேயே ‘5ஜிஈ’ என்று காட்டத் தொடங்கியது. உள்ளே ஓடியது 4ஜிதான்.

கேள்வி: பண்டாரவளையில் பாவித்த 4ஜி போன் ஒன்று வாங்கினேன். இணையம் நன்றாக ஓடுகிறது. அழைப்பு வந்தால் மட்டும் 4ஜி போய் ‘ஈ’ வந்துவிடுகிறது, பேசி முடியும்வரை டேட்டா இல்லை. போன் பழுதா?

பதில்: பழுதில்லை தம்பி. 4ஜி முழுக்க டேட்டாவுக்காகக் கட்டிய வலை. அதிலேயே குரலையும் அனுப்ப வோல்ட்டிஈ என்ற வசதி வேண்டும். அது இல்லாவிட்டால் போன் ஒவ்வொரு அழைப்புக்கும் பழைய தலைமுறைக்கு இறங்கும். முன்பு 3ஜிக்கு இறங்கியதால் டேட்டாவும் கூடவே ஓடியது. இப்போது 3ஜியைக் கைவிட்டு அந்த அலையை 4ஜிக்குக் கொடுப்பது உலகமெங்கும் நடக்கிறது, இலங்கையிலும் அப்படிச் செய்த கம்பனிகள் உண்டு. அதனால் நேராக 2ஜியில் போய் விழுகிறது. அமைப்பில் ‘வோல்ட்டிஈ’ என்றோ ‘4ஜி அழைப்பு’ என்றோ ஒரு பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். பொத்தானே இல்லையென்றால் அந்த மாடலை உங்கள் கம்பனி ஏற்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். சிம் மிகப் பழையதென்றால் நம்பர் மாறாமல் புதிதாக மாற்றித் தருவார்கள்.

அடுத்த முறை பாவித்த போன் வாங்கும்போது கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுங்கள். பேசும்போது மூலையில் என்ன எழுத்து நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ (IMEI) என்ற, போனின் 15 இலக்க அடையாள எண் வரும். ஐஎம்இஐ என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். பதில் வரும்வரை கடையை விட்டு இறங்காதீர்கள்.

கேள்வி: வீட்டு ரவுட்டரில் இரண்டு பெயர் வருகிறது, ஒன்றின் முடிவில் ‘5ஜி’ என்று இருக்கிறது. எங்களுக்கு 5ஜி இணைப்புத் தந்திருக்கிறார்களா?

பதில்: இல்லை. அந்த 5ஜி, வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குறிக்கிறது, தலைமுறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரவுட்டர் இருக்கும் அறையில் அதைப் பாவியுங்கள், வேகம் கூடும். சுவர் தாண்டிய அறையில் மற்றப் பெயர்தான் நன்றாகப் பிடிக்கும்.