தள்ளுவண்டிக்கு இடம் எங்கே?

வணக்கம். கடற்கரைக்குப் போனால் என் எட்டு வயதுப் பையன் சுண்டல் வேண்டாம், பீட்சாதான் வேண்டும் என்கிறான். சுத்தமாக இருக்காது என்று நானும் வண்டியில் வாங்கித் தருவதில்லை. உலகமயமாக்கல் நம் நாக்கையே மாற்றிவிட்டது. வெளிநாட்டு உணவைப் புறக்கணித்தால் சாலையோர வியாபாரிகள் பிழைப்பார்களா?

– ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பையனைத் திட்டாதீர்கள். எட்டு வயதில் நாக்கு புதுசைத் தேடத்தான் செய்யும். புறக்கணிப்பா? 2017 மார்ச்சில் வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று அறிவித்தன. இன்று பெட்டிக்கடைவரை இரண்டும் இருக்கின்றன. அதை விடுங்கள்.

'நம் நாக்கு' என்கிறீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மெரினாவில் சோளம் சுடும் அம்மாவைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கை விசிறிக்கொண்டே இருக்கும், மறு கை கதிரைத் திருப்பும். மணிகள் படபடவென்று வெடித்ததும் எலுமிச்சை மூடியை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் ஒற்றி, கதிர் முழுக்க அழுத்தித் தேய்ப்பார். அந்த மக்காச்சோளமும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவித்து விற்கும் வேர்க்கடலையும் அப்படித்தான். கோலி சோடா பாட்டிலுக்கு 1870களில் காப்புரிமை வாங்கியவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். கடல் கடந்து வந்ததையெல்லாம் வண்டிக்காரர்கள் நம்முடையதாக்கிவிட்டார்கள். நூடுல்ஸும் அவர்கள் கையில் கறிவேப்பிலை வாசத்தோடுதான் வெந்தது. புது ருசியைப் பார்த்து அவர்கள் ஓடியதே இல்லை.

அவர்களை ஓடவைப்பது இடம். எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா சாயங்காலம் பஜ்ஜி போடுவார். ஒருநாள் ஆக்கிரமிப்பு என்று சொல்லி வண்டியை லாரியில் ஏற்றினார்கள். "சட்டியையாவது குடுத்துட்டுப் போங்கய்யா" என்று பின்னாலேயே ஓடினார். எதிரே இருந்த பெரிய உணவகத்தின் வாடிக்கையாளர் கார்கள் நடைபாதையை அடைத்து நின்றன. அவற்றை யாரும் தொடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாலையோர வியாபாரிகளுக்கென்றே 2014இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து, எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். எந்தத் தெருவில் கடை போடலாம் என்று பேசும் இடத்தில் அந்த அக்காவும் உட்காரலாம் என்று பொருள். இதை அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

சுத்தம் என்கிறீர்கள். இன்றைக்கோ நாளைக்கோ துரத்துவார்கள் என்று இருப்பவர் குழாய்த் தண்ணீருக்கும் குப்பைத் தொட்டிக்கும் எங்கே போவார்? ஏசி கடையில் பில்லைப் பார்க்காமல் கார்டை நீட்டுகிற நாம், வண்டியில் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். அப்புறம் உலகமயமாக்கல்மேல் பழி போடுகிறோம். இது நியாயமே இல்லை, சகோதரி.

பையன் பீட்சா சாப்பிடட்டும். நீங்கள் உங்கள் வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். வியாபாரிகள் கணக்கெடுப்பு எப்போது நடந்தது, எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் எனக்கு எழுதுங்கள்.