லூப் ஏன் பிரிஞ்சு போகுது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் ஊட்டி பக்கம் லவ்டேல். சாம்ப்ளர்ல (சத்தத்தைப் பதிவு பண்ணி திரும்பத் திரும்ப ஓட்டுற மெஷின்) மொதல்ல கொன்னக்கோல் (தாளச் சொல்லை வாயால சொல்றது) ஒரு லூப், அதுக்கு மேல கிட்டார் ஒரு லூப்னு போட்டு லைவா வாசிக்கிறேன். ரெண்டு சுத்து நல்லாத்தான் இருக்கு, ஒரு நிமிஷத்துல ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போயிடுது. லூப் திரும்புற எடத்துல 'டிக்'னு ஒரு சத்தம் வேற. மெஷின் ரிப்பேரா?

பதில்: மெஷின்ல ஒண்ணும் இல்ல தம்பி. லூப்பர் பெடல்ல நீங்க ரெண்டாவது தடவை மிதிக்கிற நேரம்தான் லூப்போட நீளம், அடுத்து போடுற லேயரெல்லாம் அதுக்குள்ள தானா போய் உக்காந்துக்கும். ஆனா நெறைய சாம்ப்ளர்ல ஒவ்வொரு பேடும் (விரலால தட்டுற கட்டம்) தனி ஆளு, நீங்க எப்ப ஸ்டாப் அமுக்குனீங்களோ அதுதான் அந்த பேடோட நீளம். இப்ப 96 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 96 அடி) வாசிக்கிறீங்கன்னு வைங்க, ஒரு அடி 0.625 செகண்ட், 8 அடி சரியா 5 செகண்ட். கொன்னக்கோல் கரெக்டா 5 செகண்ட், கிட்டாருக்கு மட்டும் விரல் கொஞ்சம் லேட்டாகி 5.05 செகண்ட் ஆயிடுச்சுன்னா ஒரு சுத்துல காதுக்கே தெரியாது, பத்து சுத்துல அரை செகண்ட் தள்ளிப் போயிருக்கும், கிட்டத்தட்ட ஒரு முழு அடி! உங்களுக்கு அந்த ஒரு நிமிஷத்துல நடக்குறது இதுதான்.

அதனால பாடுறதுக்கு முன்னாடியே அளவை முடிவு பண்ணிடுங்க. பிபிஎம் செட் பண்ணி, கவுண்ட்-இன் (தொடங்குறதுக்கு முன்னாடி மெஷின் எண்ணிக் காட்டுற அடி) போட்டு, இத்தனை பார்ல (பார்னா சில அடி சேந்த ஒரு கட்டு) ரெக்கார்டிங் தானா நிக்கட்டும்னு சொல்ற வசதி உங்க மெஷின்ல இருந்தா அதைத்தான் யூஸ் பண்ணணும். இல்லேன்னா வேணுங்கிறதுக்கு மேலயே ரெக்கார்ட் பண்ணிட்டு எண்ட் பாயிண்ட்டை நம்பர் பாத்து வெட்டுங்க, 44.1 கிலோஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 44,100 சாம்பிள் (மெஷின் சத்தத்தை அளக்குற ஒவ்வொரு அளவு) எடுக்கிறப்ப, 5 செகண்ட்னா 2,20,500 சாம்பிள், 48ல ஓடுற மெஷின்னா 2,40,000. நான் 96, 120 மாதிரி முழு நம்பரா விழுற டெம்போவைத்தான் எடுத்துக்குவேன், மேடையில மனக்கணக்கு போட நேரம் இருக்காது.

'டிக்' சத்தம் வேற விஷயம். லூப் முடியுற எடத்துல அலை மேல நிக்குது, தொடங்குற எடத்துல கீழ நிக்குது, அந்த திடீர் தாவல்தான் காதுல டிக்குனு விழுது. அலை நடுக்கோட்டைத் தாண்டுற எடத்துல வெட்டுனா போயிடும், ரெண்டு மூணு மில்லி செகண்ட் ஃபேட் (சத்தத்தை மெல்ல ஏத்தி எறக்குறது) குடுத்தாலும் போயிடும். ஆனா கிட்டாருக்கும் குரலுக்கும் இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு: அதையே நிறுத்தாம ரெண்டு சுத்து வாசிங்க, 10 செகண்ட் ரெக்கார்ட் ஆகட்டும், மொதல் 5 செகண்டைத் தூக்கிட்டு ரெண்டாவது சுத்தை மட்டும் வைங்க. மொத சுத்தோட கார்வை (நீண்டு ஒலிக்கிற மிச்ச சத்தம்) ரெண்டாவது சுத்து ஆரம்பத்துல ஏற்கெனவே கலந்து இருக்கும்ல, அதனால ஒட்டுன எடமே தெரியாது. இதை நான் ரொம்ப லேட்டாத்தான் கத்துக்கிட்டேன், நீங்க இன்னைக்கே பண்ணிப் பாருங்க.

கேள்வி: குன்னூர்ல ஒரு சின்ன ஹால்ல வாசிக்கும்போது 'ம்ம்ம்'னு ஒரு உறுமல். லேயர் ஏற ஏற அதுவும் ஏறுது. லேப்டாப்பும் சாம்ப்ளரும் ஒண்ணா கனெக்ட் பண்ணியிருக்கேன்.

பதில்: மொதல்ல லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. சத்தம் நின்னா எர்த் ரெண்டு வழியில சுத்துது, நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அப்படியே ஸ்பீக்கர்ல கேக்குது. எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுங்க, அப்பவும் நிக்கலேன்னா கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ வயரோட எர்த்தை மட்டும் பிரிக்கிற சுவிட்ச்) இருக்குற டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏத்தபடி மாத்துற பெட்டி) வழியா மிக்சருக்குப் போங்க. பிளக்கோட எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீங்க, மைக்கை வாய்கிட்ட வச்சுப் பாடுற ஆளு நீங்க, உசுரு விஷயம். இன்னொண்ணு, லூப்பிங்ல ஒவ்வொரு லேயரும் அந்த உறுமலையும் சேத்துத்தான் பதிவு பண்ணும், ஆறு லேயர் போட்டா ஆறு உறுமல், அப்புறம் மிக்சர்ல என்ன பண்ணியும் பிரிக்க முடியாது. அதனால சவுண்ட் செக்லயே இதை முடிச்சிடணும். மழை நாள்ல மலையில கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, சேவ் பண்ணாத லூப் கரண்டோடயே போயிடலாம், ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் சேவ் பண்ணுங்க.

கேள்வி: கொடைக்கானல்ல பனி நேரத்துல பேடு ஒரு தட்டுக்கு ரெண்டு தடவை அடிக்குது, குமிழைத் திருப்புனா கரகரங்குது.

பதில்: ஈரமா இருக்கலாம். வெளிய குளிர்ல இருந்த பெட்டியை ஆள் நெறைஞ்ச ஹாலுக்குள்ள கொண்டு வந்து உடனே தொறந்தா கண்ணாடியில பனி படியுற மாதிரி உள்ளயும் படியும். பையை மூடுனபடியே ஒரு மணி நேரம் வச்சுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க, பைக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் எப்பவும் கிடக்கட்டும். காஞ்ச பிறகும் ரெட்டை அடி இருந்தா செட்டிங்ஸ்ல பேடு சென்சிடிவிட்டியைக் கொறைங்க, கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர், மெஷினை ஆஃப் பண்ணிட்டு.

கேள்வி: கோத்தகிரியில இருந்து எழுதுறேன். என் சாம்ப்ளர்ல 4/4 (பாருக்கு 4 அடி) மட்டும்தான். மிஸ்ர சாபுல (7 அடி தாளம்) லூப் போடவே முடியாதா?

பதில்: தாராளமா முடியும். 7 அடியை 4 தடவை வாசிச்சா 28, 4 அடி பாரை 7 தடவை வாசிச்சாலும் 28. அதனால லூப் நீளத்தை 7 பார்னு வச்சுட்டு உள்ள 'தகிட தகதிமி'யை நாலு தடவை பாடுங்க, மெஷின் அதை 4/4னு நெனச்சுக்கிட்டு ஓடட்டும். 105 பிபிஎம்ல வச்சா ஒரு சுத்து சரியா 4 செகண்ட், முழு லூப் 16 செகண்ட். மெட்ரோனோம் மட்டும் நாலுக்கு ஒரு தடவை அழுத்தி அடிச்சு உங்களைக் கொழப்பும், அந்த அழுத்தத்தை ஆஃப் பண்ணுங்க, முடியலேன்னா கவுண்ட்-இன்னோட கிளிக்கை நிறுத்திட்டு கைத்தாளத்துல பாடுங்க. 5 அடி தாளமான கண்ட சாபுக்கும் இதே கணக்குதான், 5 பார், 20 அடி.