டெக்ஸாஸில் கைத்துப்பாக்கி: உரிமத்துக்கு முன்னால் உங்கள் விசா

அன்புள்ள தம்பிக்கு,

எச்-1பி விசாவில் டாலஸுக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன என்றும், குடியிருப்பு வளாகத்தில் அடுத்தடுத்துத் திருட்டு நடப்பதால் மனைவி அஞ்சுகிறார் என்றும், ‘டெக்ஸாஸில் லைசென்ஸே தேவையில்லை, ஒரு கைத்துப்பாக்கி வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்’ என்று அலுவலக நண்பர்கள் சொல்வதாகவும் எழுதிக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. உங்களுக்கு அது பொருந்தாது. இன்றைய நிலையில் நீங்கள் துப்பாக்கியை எடுத்துச் செல்வது இருக்கட்டும், வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்த ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்ல டெக்ஸாஸ் அனுமதிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் தடை செய்யாதவர்களுக்கே அந்த அனுமதி. மாநிலச் சட்டத்துக்கு மேலே இருக்கும் ஃபெடரல் (மத்திய அரசின்) சட்டமோ, தற்காலிக விசாவில் வந்தவர்களைத் தடை செய்யப்பட்டவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. உங்கள் எச்-1பி, உங்கள் மனைவியின் எச்-4, மாணவர்களின் எஃப்-1 எல்லாம் அதில் அடங்கும். தடை துப்பாக்கிக்கு மட்டுமன்று, ஒற்றைத் தோட்டாவுக்கும் உண்டு. 2022இல் திருத்தப்பட்ட பிறகு இதற்கான சிறைத்தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம். அதைவிட நம்மைப் போன்றவர்களுக்குக் கொடுமையானது, துப்பாக்கிக் குற்றத்தைக் காட்டியே நாடு கடத்தக் குடியேற்றச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பது.

ஒரு விதிவிலக்கைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை விலகும். சட்டத்தில் உள்ள வழிதான் அது. ஆனால் டெக்ஸாஸின் ஆண்டு வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால், மறுநாள் காலை அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி உங்களைக் குற்றவாளியாக்கும். வேட்டைக்கே போகாத ஒருவர், கிரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டு இந்த வழியை நாடுவதை நான் ஏற்க மாட்டேன். எப்படியும் செய்வதென்றால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இதைவிட அதிகம் பேர் அறியாமல் போய் மாட்டக்கூடிய இடம் ஷூட்டிங் ரேஞ்ச். அலுவலகக் குழுவோடு உல்லாசமாகப் போய், வாடகைத் துப்பாக்கியால் நாலு முறை சுடுவதும் சட்டத்தின் பார்வையில் ‘வைத்திருத்தல்’ ஆகும். ஹமீத் ரெஹைஃப் வழக்கைப் படித்துப் பாருங்கள். மாணவர் விசாவில் ஃபுளோரிடாவுக்கு வந்தவர். மதிப்பெண் குறைந்து பல்கலைக்கழகம் நீக்கிய பின்னும் ஊர் திரும்பாமல் இருந்தவர், சுடுதளத்தில் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டார். தமது குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் விசா எதுவென்று உங்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதால் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு அதிகம் உதவாது. நண்பர் ஊருக்குப் போகும்போது, ‘பத்திரமாக வைத்திரு’ என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கிரீன் கார்டு வந்தபின் நிலைமை மாறும். அதன் பிறகு கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறினால் வாங்கலாம். அப்போதும் உரிமம் கட்டாயமில்லை; ஆயினும் பொதுப் பாதுகாப்புத் துறை வழங்கும் உரிமத்தைக் கட்டாயம் எடுங்கள் என்றே சொல்வேன். நம் ஊரில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே முடியாது, உரிமம் உள்ளவரும் தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அங்கே வளர்ந்த நமக்கு, விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளும் உரிமம் எதற்கு என்று தோன்றும். காரணம் இருக்கிறது. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் பொது இடத்தில் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. டாலஸை அடுத்த ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் பள்ளியைக் கடக்காமல் எந்தத் தெருவில் வண்டி ஓட்டுவீர்கள்? பெட்டியில் பூட்டி, தோட்டா இல்லாமல் கொண்டுபோனால் ஒழிய, உரிமம் இல்லாதவர் அன்றாடம் அந்தச் சட்டத்தை மீறிக்கொண்டே போகிறார். உரிமத்துக்கான கட்டணம் 40 டாலர். கைரேகை கொடுத்து, 4 முதல் 6 மணி நேர வகுப்பில் உட்கார்ந்து, இலக்கை நோக்கிச் சுட்டுக் காட்ட வேண்டும். சுடும் தேர்வு எளிது. எப்போது சுடுவது சட்டப்படி நியாயம் என்ற பகுதிக்காகவே அந்த வகுப்புக்குப் போகலாம்.

கடை வாசல்களில் 30.05, 30.06, 30.07 என்ற எண்கள் கொண்ட அறிவிப்புகளைக் காண்பீர்கள். முதலாவது உரிமம் இல்லாதவரைத் தடுப்பது, இரண்டாவது மறைத்து வைத்திருக்கும் உரிமதாரரை, மூன்றாவது வெளியே தெரியும்படி வைத்திருக்கும் உரிமதாரரை. மதுவிற்பனையில் பெரும்பங்கு வருமானம் பெறும் இடங்களில் சிவப்பில் 51 விழுக்காடு என்று எழுதியிருக்கும். அங்கே உரிமமும் உதவாது. பள்ளி, நீதிமன்றம், வாக்குச்சாவடி, விமான நிலையத்தின் சோதனை கடந்த பகுதி ஆகியவற்றுக்கும் அப்படியே.

டெக்ஸாஸ் உரிமம் நாடெங்கும் செல்லும் என்றும் எண்ணாதீர்கள். தற்காப்புக்குத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் நிபந்தனையை 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நீக்கியதும், எல்லா உரிமங்களும் எங்கும் செல்லும் என்று சிலர் புரிந்துகொண்டார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா ஆகியவை நம் உரிமத்தை ஏற்பதில்லை. நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகிறவர் துப்பாக்கியைப் பையில் மறந்து வைத்துக்கொண்டு போனால், அங்கே அது பல ஆண்டுச் சிறைக்குரிய குற்றம்.

வீட்டில் குழந்தை இருந்தால், குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்கு உட்பட்டவர் கைக்குப் போய்விட்டால் அதுவும் டெக்ஸாஸில் குற்றம் என்பதை மனைவியிடமும் சொல்லுங்கள். இப்போதைய அச்சத்துக்கு, வாடகைதாரர் பாதுகாப்பு குறித்த மாநிலச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். வெளிக்கதவுகளில் உள்ளிருந்து மட்டும் போடும் சாவியில்லாத் தாழும், வெளியே நிற்பவரைப் பார்க்கும் துளையும் கட்டட உரிமையாளர் தம் செலவில் பொருத்தித் தர வேண்டும். முந்தைய குடித்தனக்காரர் போய், நீங்கள் குடியேறிய 7 நாளுக்குள் பூட்டின் சாவியை மாற்றியிருக்கவும் வேண்டும். மாற்றினார்களா என்று நாளையே நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.